சத்தமில்லாத ரோட்டில் சைக்கிள் மிதியுங்கள்!

சென்ற மாதம் என்னிடம் வந்த ஒரு வங்கி அதிகாரிக்கு வயது நாற்பத்தெட்டு. வெறும் வயிற்றில் சர்க்கரை 160. இடுப்புச் சுற்றளவு நாற்பது அங்குலம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

"உடம்புக்கு ஏதாவது வேலை கொடுக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"சைக்கிள் வாங்கியிருக்கேன் டாக்டர். இருபத்தெட்டாயிரம் ரூபாய். இருபத்தோரு கியர்!"

"பலே! தினமும் எவ்வளவு தூரம் போகிறீர்கள்?"

அவர் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவிதான் பதில் சொன்னார். "பால்கனியில நிக்குது டாக்டர். துண்டு, பனியன் காயப்போட ரொம்ப வசதியா இருக்கு."

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு அடங்கிவிட்டது. சைக்கிள் வாங்கிய நாலாவது நாள், பின்னால் ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ஒரு பஸ் அவரை உரசிக்கொண்டு போயிருக்கிறது. தடுமாறி ரோட்டோரச் சரளையில் விழுந்திருக்கிறார். முழங்கையில் தோல் போனதோடு சரி. "அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் டாக்டர். சர்க்கரையில சாகறதுக்குப் பத்து வருஷம் ஆகும். பஸ்ல சாகறதுக்குப் பத்து நிமிஷம் போதும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான். சைக்கிளை விட்டுவிடாதீர்கள், ரோட்டை மாற்றுங்கள் என்பதுதான் நான் அவருக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு.

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போயிருப்பீர்கள். 1863ல் லெவிஞ்ச் துரை உண்டாக்கிய அந்த ஏரியைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் ரோடு. வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஒரு சுற்று வந்திருப்பீர்கள். வீட்டில் தெருமுனைக் கடைக்கே ஸ்கூட்டரில் போகிற மனிதர், அங்கே மட்டும் "இன்னொரு ரவுண்டு போகலாமா?" என்று கேட்பார். காரணம் குளிர் மட்டுமில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணீர். பின்னாலிருந்து யாராவது இடித்துவிடுவார்களோ என்ற பயம் குறைவு. உடம்பு தானாகவே மிதிக்கிறது! இப்போது சீசனில் அங்கேயும் கார் வரிசை கட்டி நிற்கிறது. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் எடுக்கும்படி ஆகிவிட்டது.

மலையும் ஏரியும் வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வாருங்கள். 'வறண்ட சீமையாச்சே, அங்கே என்ன ஏரி?' என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் முடிந்த கையோடு இங்கே ஊருக்கு ஊர் கண்மாய் நிரம்பிக் கிடக்கும். ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு என்று ஆயிரக்கணக்கான கண்மாய்கள் சங்கிலி போலக் கோத்துக் கிடக்கின்றன. மேற்கேயும் வடக்கேயும் குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை என்று மொட்டைப் பாறைக் குன்றுகள். கிழக்கே கடல். நடுவில் ஒரு நாளைக்கு நாலு தடவை டவுன் பஸ் போகிற சின்னச் சின்ன ரோடுகள். சைக்கிள்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சைக்கிளுக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. 1991ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கொடுத்தார். கிராமத்துப் பெண்கள், கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஹாண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு, 1,500 பெண்களுக்கு மேல் புதுக்கோட்டை நகரத்துக்குள் ஊர்வலமாக வந்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை எழுதி, அந்தக் கட்டுரை பிற்பாடு மத்திய பாடத்திட்டத்தின் இந்திப் புத்தகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமாகவும் வந்தது.

அப்போது நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி மாணவன். லீவில் ஊருக்கு வந்தால் என் அக்கா வாடகை சைக்கிளில் ஏறி, புளியமரத்தடியில் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறாள்! லேடீஸ் சைக்கிள் கிடைக்காத நேரம். பார் வைத்த ஆம்பிளை சைக்கிளிலேயே கற்றுக்கொண்டாள். பார் இருந்தால்தான் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போகலாம் என்று அப்போது பல பெண்கள் அதையே விரும்பி வாங்கினார்கள். அந்த அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர்தான் ஜெகதாப்பட்டினம். மணமேல்குடி தாலுகாவில், பாக் நீரிணைக் கரையில், விசைப்படகுகள் நிற்கிற ஊர். அக்காவுக்கு இப்போது அறுபது. அவள் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வருவாள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நடைப்பயிற்சி நல்லதுதான். ஆனால் எடை கூடிய உடம்பு நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மூட்டு அந்த எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. சைக்கிளில் உட்கார்ந்துவிட்டால் எடையின் பெரும்பகுதியை சீட்டு வாங்கிக்கொள்கிறது. மூட்டு மடங்கி நீள்கிறது. அதனுள்ளே இருக்கும் வழவழப்பான நீர் குருத்தெலும்பு எங்கும் பரவுகிறது. முன்தொடைத் தசை பலப்படுகிறது. முட்டிக்கு முட்டுக் கொடுப்பது அந்தத் தசைதான். 'நடந்தால் வலிக்கிறது டாக்டர்' என்பவர்களில் பலரால் வலியில்லாமல் சைக்கிள் மிதிக்க முடிகிறது.

இன்னொன்று, சர்க்கரை. தொடைத் தசைதான் உடம்பிலேயே பெரிய தசைக் கூட்டம். அது வேலை செய்யும்போது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. மிதித்து முடித்த பிறகும் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை அந்தப் பலன் இருக்கும். அதனால்தான் வாரத்துக்கு ஒரே நாள் மாடுமாதிரி உழைப்பதைவிட, ஒன்றுவிட்டு ஒரு நாளாவது மிதிப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டியில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் மிதம்.

சரி, அதற்கு ஏன் அமைதியான ரோடு? வீட்டிலேயே நிற்கிற சைக்கிளை மிதித்தால் போதாதா என்று கேட்பீர்கள். தாராளமாக மிதிக்கலாம். ஆனால் எத்தனை பேர் மூன்று மாதத்துக்கு மேல் மிதித்திருக்கிறீர்கள்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

மெயின் ரோட்டில் மிதித்தால் வேறு தொல்லை. உழைக்கும்போது நாம் இழுக்கும் காற்று சும்மா இருப்பதைப்போலப் பல மடங்கு. லாரிப் புகையும் அதே அளவுக்கு உள்ளே போகும். ஓயாத ஹாரன் சத்தம் உடம்பில் பதற்றச் சுரப்பிகளைத் தூண்டி ரத்த அழுத்தத்தை ஏற்றும். பின்னால் என்ன வருகிறதோ என்ற பயத்தில் தோளும் கழுத்தும் இறுகிப் போகும். அரை மணி மிதித்துவிட்டு வந்து 'கழுத்து பிடிச்சுக்கிச்சு' என்பார்கள். சைக்கிள் பிடிக்கவில்லை, பயம் பிடித்திருக்கிறது! எங்கள் வைத்தியப்படி சொன்னால், வாதத்தைச் சமன் செய்யப் போய் வாதத்தைக் கிளப்பிக்கொண்டு வருவது.

எனக்கு நடந்தது

இதையெல்லாம் ஏதோ புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. எனக்கும் சர்க்கரை உண்டு. என் அப்பாவுக்கு அதே சர்க்கரையால் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஐம்பத்தொரு வயதில் என் ரிப்போர்ட் 168 என்று வந்தபோது, அந்தக் கட்டுப் போட்ட கால்தான் கண்முன்னே வந்தது. தினமும் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் 'நடங்கள், நடங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஆவாரைக் குடிநீர் குடித்தேன், சோற்றைக் குறைத்தேன்; அது போதவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சர்க்கரை நோய் நிபுணரிடம் போய் மாத்திரையும் வாங்கிக்கொண்டேன். 'சித்த வைத்தியர் இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடலாமா?' என்று கேட்காதீர்கள். காலைக் காப்பாற்றுகிற மருந்து எதுவானாலும் அது நல்ல மருந்துதான்.

கூடவே சைக்கிளை எடுத்தேன். முதல் பெரிய பயணத்தை எவ்வளவு முட்டாள்தனமாகச் செய்தேன் என்பதைக் கேளுங்கள்.

சித்திரை மாதம். ஏப்ரல் 15ல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா? ஜெகதாப்பட்டினத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும், மீன் லாரி வராது, கிழக்குக் கடற்கரைச் சாலை காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டிலிருந்து கிளம்பினேன். லாரிக் கணக்கு சரி, வெயில் கணக்கைக் கோட்டைவிட்டேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டால் மிதிக்கக் கஷ்டமாயிருக்கும் என்று வெறும் காபியோடு ஏழரை மணிக்குப் புறப்பட்டேன். அக்கா பின்னாலேயே வந்து, "ரெண்டு இட்டிலி தின்னுட்டுப் போடா" என்று கத்தினாள். கேட்கவில்லை.

பத்து மணி இருக்கும். ஆவுடையார்கோயில் பக்கம் ஒரு கண்மாய்க்கரை. கை நடுங்கியது. உடம்பெல்லாம் குப்பென்று வியர்வை. கண்ணில் பூச்சி பறந்தது. வெயில் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் மிதித்தேன்! கருவேல மர நிழலில் சைக்கிளோடு சாய்ந்துவிட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடிவந்தார்.

"என்னய்யா, காலையில சாப்பிட்டீகளா?"

ஒரு டாக்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி! தூக்குவாளியில் இருந்த கஞ்சியை ஊற்றிக் கொடுத்து, மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தையும் எடுத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். சர்க்கரை தாழ்ந்துபோயிருக்கிறது. முப்பது வருஷமாக நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்த அறிகுறிகள், எனக்கே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆகவே, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள். சாப்பிடாமல் மிதிக்கக் கூடாது. நெடுந்தூரம் போகிற நாளில் மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள், நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அன்றைக்குத் தொடையில் போட வேண்டாம். மிதிக்கிற தொடையிலிருந்து மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்துவிடும். சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ கட்டாயம் இருக்கட்டும். நடுக்கம், படபடப்பு, திடீர் வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே இறங்கி மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி கழித்தும் தெளியாவிட்டால் இன்னொரு முறை. பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். அன்றைக்கு அதற்கு மேல் மிதிக்க வேண்டாம். நெஞ்சு வலி உள்ளவர்கள், சர்க்கரையால் கண்ணில் ரத்தக்கசிவு உள்ளவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள் டாக்டர் அனுமதி இல்லாமல் சைக்கிளைத் தொடாதீர்கள்.

தை மாதத்தில் மறுபடியும்

அடுத்த தை மாதம் ஒழுங்காகப் போனோம். ஏன் தை? எங்கள் நூல்களில் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்திருக்கிறார்கள். மார்கழியும் தையும் முன்பனி. அப்போது பசித்தீ நன்றாக எரியும், உடம்பில் வலு நிற்கும். கண்மாயிலும் தண்ணீர் நிற்கும். ஆனி, ஆடியில் போனால் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றில், மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

நானும், ரிட்டயரான ஒரு வாத்தியார் நண்பரும், அக்காவும் கிளம்பினோம். வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பச் சொன்னது அக்காதான். அந்தக் கரையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். திரும்பி வருகிற மறுநாள் காலையில்தான் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் லாரிகள் பறக்கும். வெள்ளிக்கிழமை காலை அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இப்படி ஒரு உள்ளூர்க் கணக்கு இருக்கும். சந்தை நாள், மணல் லாரி, ஆலை ஷிப்டு என்று. டவுன் பஸ் கண்டக்டரையோ பால்காரரையோ கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

ஆறு மணிக்கு, இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் நீராகாரமும் உள்ளே போன பிறகு (இந்தத் தடவை அக்கா முன்னால் நின்று பார்த்துக்கொண்டாள்!) புறப்பட்டோம். கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பினோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சத்தம் நின்றுவிட்டது. செயின் சுற்றுகிற 'சர்சர்' மட்டும் கேட்கிறது. எங்கேயோ ஒரு கலுங்கில் தண்ணீர் விழுகிறது. கரை நெடுக பனைமரம். தண்ணீரில் நாரை. ஒரு மைல் தூரத்தில் வருகிற மோட்டார் சைக்கிள் முன்னாலேயே காதுக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. என் தோள் தானாக இறங்குவது எனக்கே தெரிந்தது.

இந்த ரோடுகள் முட்டிக்கு ஏன் இதமானவை தெரியுமா? மேற்கேயிருந்து கடலை நோக்கி நிலம் மெல்ல மெல்லச் சரிகிறது. கண்மாய்த் தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்று அந்தச் சரிவைப் பார்த்துத்தான் முன்னோர் கரை போட்டிருக்கிறார்கள். கரையை ஒட்டிப் போகிற பாதையில் ஏற்றம் தெரியவே தெரியாது. கடலிலிருந்து உள்ளே போகிறவன் ஏறிக்கொண்டேதான் இருக்கிறான், ஆனால் மூச்சு வாங்காது.

வைத்தியன் கண்ணுக்கு ரோட்டோரமே ஒரு மருந்துக் கடை. ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பொங்கல் காப்புக் கட்டில் செருகுகிற பூளைப்பூ, சிறுநீர்க் கல்லுக்கு நாங்கள் கொடுக்கிற சிறுபீளைதான். நெருஞ்சியும் நீர்ச்சுருக்குக்கு நல்ல மருந்து. டயருக்கு மட்டும் எமன்! நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் சேர்ந்து மூன்று நாளில் ஐந்து பஞ்சர். பஞ்சர் ஒட்டுகிற சாமானும் கைப்பம்பும் இல்லாமல் இந்தச் சீமைக்கு வராதீர்கள். அறுப்பு நேரம் என்பதால் சில இடங்களில் ரோட்டிலேயே நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. வைக்கோல் மேல் ஏறினால் செயினில் சுற்றிக்கொள்ளும்.

அக்கா புடவையில்தான் மிதித்தாள். பின் சக்கரத்தில் சேலை கார்டு இருந்தது. சுடிதார் போடுகிற பெண்கள் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள் அல்லது வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை நெரித்துவிடும். பெண்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழியில் எங்கே ஒதுங்குவது என்ற சங்கடத்தில் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். மறுநாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல். அதற்குப் பதிலாக, கோயில், பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டு எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு பாதையை வகுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கவே கூடாது. கண்மாய்த் தண்ணீரை அள்ளிக் குடிக்காதீர்கள். வீட்டிலிருந்து காய்ச்சிய தண்ணீர், உப்புப் போட்ட மோர் கொண்டு போங்கள்.

பத்து மணிக்குள் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகரோடு சேர்த்துப் பேசப்படும் திருப்பெருந்துறை இதுதான். கல்லில் செய்த கொடுங்கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். மரச்சட்டமும் ஆணியுமாக அத்தனையையும் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். மண்டப நிழலில் மூன்று மணி வரை படுத்திருந்தோம். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை சைக்கிளை மிதிக்காதீர்கள். அது பித்தத்தின் நேரம் என்பது எங்கள் கணக்கு. வெயிலின் நேரம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அக்கா அங்கிருந்து திரும்பிவிட்டாள். அவள் மகன் லோடு ஆட்டோவில் வந்து சைக்கிளோடு ஏற்றிக்கொண்டு போனான். "முட்டி வலிக்குதா?" என்று கேட்டேன். "முட்டி வலிக்கல. உக்கார்ற எடம்தான் வலிக்குது" என்றாள்.

அது எல்லோருக்கும் வருகிற வலி. சீட்டின் உயரத்தைச் சரியாக வைத்தால் பாதி போய்விடும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். நம் ஆட்கள் இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். முட்டியின் முன்பக்கம் வலிப்பதற்கு முதல் காரணமே அதுதான். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் ஆண்களுக்கு அடிப்பகுதி மரத்துப் போகும். அங்கே ஓடுகிற நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்குவதால் வருவது அது. அலட்சியம் வேண்டாம். சீட்டைச் சமமாக வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று ஓட்டுங்கள். சுண்டுவிரல் மரத்தால் ஹாண்டில்பாரைப் பிடிக்கிற இடத்தை மாற்றுங்கள். தொடை உரசிப் புண்ணாகாமல் இருக்கக் கிளம்பும் முன்பே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

அன்று மாலை அறந்தாங்கி வரை வாடைக்காற்று முகத்தில் அடித்தது. நண்பரும் நானும் மாற்றி மாற்றி முன்னால் போனோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருகிறவருக்குச் சுமை குறையும். இரவு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தொடையிலும் கெண்டைக்காலிலும் கீழிருந்து மேலாகத் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொண்டோம். வாத வலி உள்ளவர்கள் உளுந்துத் தைலம் தேய்க்கலாம். முட்டி சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டால் தேய்க்காதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். அசதிக்கு அமுக்கரா லேகியம் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். ஒரு நாள் அசதிக்கு மருந்தே வேண்டாம், தூக்கம் போதும்.

இரண்டாம் நாள் கிராமத்து ரோடுகளாகவே பிடித்துப் புதுக்கோட்டை. சாயங்காலம் ஊர் ஓரத்துக் கவிநாடு கண்மாய்க்கரையில் நின்றபோது, எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் சித்தன்னவாசல். சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கைகளும், குகைக் கோயிலின் கூரையில் தாமரைக் குளத்து ஓவியமும் இருக்கிற இடம். அங்கிருந்து நார்த்தாமலை. இங்கே சிறு ஏற்றங்கள் உண்டு. கியர் இல்லாத சைக்கிள் என்றால் இறங்கித் தள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். ஏற்றத்தில் நின்று அழுத்தி மிதிப்பதுதான் முட்டியைக் கெடுக்கும்.

நார்த்தாமலை எனக்கு மிகவும் பிடித்த இடம். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று ஊரில் சொல்வார்கள். விஜயாலய சோழீச்சுரம் இருக்கிற மேலமலையில் ஒரு சுனை. அந்தச் சீமையில் சுனையைச் 'சிங்கம்' என்பார்கள். இது தலையருவிச் சிங்கம். தண்ணீருக்கு அடியில் பாறையைக் குடைந்து ஒரு சின்ன சிவன் கோயில். சுவாமியின் பெயர் ஜ்வரஹரேஸ்வரர், அதாவது காய்ச்சலைப் போக்குகிறவர்! 1857ல் ராமச்சந்திர தொண்டைமானின் ராணி அந்தத் தண்ணீரை இறைத்துவிட்டுச் சுவாமியைக் கும்பிட்டதாகப் பக்கத்திலேயே கல்வெட்டு இருக்கிறது. வைத்தியன் கும்பிட வேண்டிய சாமிதானே? கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஹாரன் சத்தம் இல்லை.

சுற்றி வந்த கணக்கில் மூன்று நாளில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வாலிபர்கள் ஒரே காலையில் முடித்துவிடுகிற தூரம்தான். 1923ல் பம்பாயிலிருந்து கிளம்பிய பார்சி இளைஞர்கள் மூன்று பேர் சைக்கிளிலேயே உலகத்தைச் சுற்றிவிட்டு 1928ல் திரும்பி வந்தார்கள்! அவர்களோடு நமக்குப் போட்டி வேண்டாம். ஐம்பது வயதுக்காரர் முதல் மாதம் ஐந்து கிலோமீட்டர், அடுத்த மாதம் பத்து என்று ஏற்றிக்கொண்டு, மூன்றாவது மாதம் இப்படி ஒரு பயணத்தை நினைக்கலாம். வாங்குகிற சம்பளத்தையெல்லாம் கொட்டி லடாக்கில் நாலாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்து ஏரிகளுக்குப் போய் மிதிக்கப் போகிறேன் என்று போன வருஷம் ஒருவர் வந்தார். ரத்த அழுத்தம் 170. அங்கே காற்றில் பிராணவாயு குறைவு, முதலில் மதுராந்தகம் ஏரியைச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று அனுப்பி வைத்தேன். தஞ்சைக்காரர்களுக்குக் கல்லணைக் கால்வாய்க் கரை இருக்கிறது, சிவகங்கைக்காரர்களுக்கு எங்களைப் போலவே கண்மாய்கள் இருக்கின்றன.

வெறும் வயிற்றில் 168 இருந்த என் சர்க்கரை, பத்து மாதத்தில் 118க்கு வந்தது. சோற்றைக் குறைத்ததும், மருந்தும், சைக்கிளும் சேர்ந்துதான். நிபுணர் மாத்திரையைப் பாதியாக்கினார்; நானாக ஆக்கவில்லை.

வங்கி அதிகாரி போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். அவருக்கு நான் குறித்துக் கொடுத்த ரோட்டில் எட்டு கிலோமீட்டர் போய் வந்திருக்கிறார். சீட்டை ஏற்றி வைத்தபிறகு முட்டி வலியில்லையாம். "ஒரே ஒரு பிரச்னை டாக்டர். வீட்டுல கொடி கட்டச் சொல்றாங்க" என்றார்.